கை விறைத்தால் வியாபாரம் நடக்குமா?

சுன்னாகம் சந்தைக்கு விடியற்காலையில் வருகின்ற மோட்டார் சைக்கிள்களைச் சற்று நின்று கவனித்துப் பாருங்கள். பின் கரியரில் வெங்காய மூட்டை இருக்கும், கத்தரிக்காய் உரப்பை இருக்கும், வாழைக்குலை இருக்கும். அது போதாதென்று ஹாண்டிலின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒரு பை தொங்கும். வண்டியை நிறுத்தியதும் ஓட்டி வந்தவர் உடனே மூட்டையை இறக்க மாட்டார். முதலில் இரண்டு கைகளையும் உதறுவார். விரல்களை நீட்டி மடக்கி, மணிக்கட்டைத் தடவி விட்ட பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பார்.

இந்த உதறலை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. "வயது போகிறது", "பனிக்குளிர்" என்று ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லி விட்டு விடுகிறோம். ஆனால் இருபத்தைந்து வயது இளைஞனும் கையை உதறுகிறான். சித்திரை வெயிலிலும் உதறுகிறார்கள். அப்படியானால் வயதையும் பனியையும் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் குற்றவாளி கைக்குக் கீழே இருக்கும் ஹாண்டில்தான்.

வியாபாரப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் ஹாண்டிலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சில சகோதரர்கள் நினைக்கக் கூடும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். துணி மூட்டையோடு கிராமம் கிராமமாகப் போகிறவர், பழைய இரும்பு வாங்கப் போகிறவர், ரெஜிபோம் பெட்டியில் மீன் கொண்டு போகிறவர், கடைகளுக்குச் சாமான் போடுகிறவர் ஆகிய எவரை எடுத்தாலும் நாளொன்றுக்கு 60 கிலோ மீற்றர் ஓடுவது பெரிய காரியமல்ல. மாதத்தில் 25 நாள் என்றால் 1,500 கிலோ மீற்றர். வருடத்துக்கு 18,000. மணித்தியாலத்துக்குச் சராசரி 30 கிலோ மீற்றர் வேகம் என்று வைத்தால் வருடத்தில் 600 மணித்தியாலங்கள் அவருடைய இரண்டு கைகளும் அந்த இரும்புக் குழாயைப் பிடித்தபடியே இருக்கின்றன.

கடை வைத்திருப்பவர் கல்லாவுக்குப் பின்னால் போடும் கதிரையை இருந்து பார்த்துத்தான் வாங்குகிறார். நடமாடும் வியாபாரிக்கு அவருடைய கதிரையும் கல்லாவும் மோட்டார் சைக்கிள்தான். அதை மட்டும் கம்பனி தந்தபடியே, பழைய வண்டியென்றால் முந்திய சொந்தக்காரர் விட்டபடியே ஓட்டிக் கொண்டிருக்கிறோம். முந்திய சொந்தக்காரரின் உயரம் வேறு, கை நீளம் வேறு என்பதை யோசிப்பதில்லை.

இதில் என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். முதலில் ஸ்பனர், அடுத்தது ரப்பர், கடைசியில்தான் புதிய ஹாண்டில். இந்த ஒழுங்கில் போனால் பலருக்குப் புதிய ஹாண்டில் வாங்கும் தேவையே வராது. நம்மவர்களோ ஒழுங்கைத் தலைகீழாக்கி, முதலில் உதிரிப்பாகக் கடைக்குப் போகிறார்கள்.

வியாபாரிக்காகச் செய்த வண்டி

யாழ்ப்பாணத்தில் நடுத்தர வயதைத் தாண்டிய எவருக்கும் ஹோண்டா சீ 50, சீ 90 வண்டிகளை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் ஒரு சொட்டு விட்டு ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள் அவை. அந்த வண்டியின் மூல வடிவம் 1958 இல் ஜப்பானில் வெளிவந்த சுப்பர் கப். 2017 இல் அந்த வகை வண்டிகளின் மொத்த உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. உலகத்தில் வேறு எந்த மோட்டார் வாகனமும் இவ்வளவு எண்ணிக்கையில் செய்யப்படவில்லை.

அந்த வண்டியை உருவாக்கிய சொயிச்சிரோ ஹோண்டா யாரை மனதில் வைத்தார் என்பது வியாபாரிகளுக்குச் சுவையான செய்தி. ஜப்பானில் சாப்பாட்டுக் கடைகளிலிருந்து நூடில்ஸ் தட்டை ஒரு கையில் ஏந்திக் கொண்டு வீடு வீடாகப் போகும் பையன்கள் இருந்தார்கள். அந்தப் பையன் மறு கையால் மட்டுமே வண்டியை ஓட்டக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது ஹோண்டாவின் நோக்கங்களில் ஒன்று. அதனால்தான் அதில் கையால் பிடிக்கும் கிளச் இல்லை. கியரைக் காலால் மாற்றினால் போதும், கிளச் தானாக வேலை செய்யும். ஜப்பானில் ஓடிய வண்டிகளில் சிக்னல் சுவிட்சைக் கூட எக்சலேட்டர் பக்கம், வலது கைக்குக் கொடுத்தார்கள்.

அதே ஜப்பானில் தபால் திணைக்களத்துக்கென்று தனியாகச் செய்யப்பட்ட வண்டிதான் எமது ஊரில் ஓடித் திரிந்த எம்.டி. 90. கப் வண்டியின் தகரம் மூடிய ஹாண்டிலுக்குப் பதிலாக அதற்குக் குழாய் ஹாண்டில். நாள் முழுவதும் வீட்டுக்கு வீடு நின்று நின்று போகும் தபால்காரரின் வேலைக்கு ஏற்ற வண்டி அது. அப்படியிருந்தும் அந்த நாட்டு ஆய்வாளர்கள் மோட்டார் சைக்கிள் தபால்காரர்களின் விரல்களைப் பரிசோதித்து, அதிர்வினால் வரும் நோயைப் பற்றி ஆராய்ந்தார்கள். வேலைக்காகவே செய்த வண்டியில் போனவரின் கைக்கே அந்தக் கவனம் தேவைப்பட்டதென்றால், அளவு பார்க்காத வண்டியில் மூட்டை கட்டிப் போகும் எமது கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு இந்திய வண்டிகள் லீசிங்கில் இங்கே வந்து குவிந்தன. அவை நல்ல வண்டிகள், பெற்றோலும் குறைவாகக் குடிக்கும். ஆனால் அவற்றில் கிளச் பிடிக்க வேண்டும், சில வகைகளில் ஹாண்டில் தாழ்வாக இருக்கும். பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கும் வரை ஏறத்தாழ ஐந்து வருடங்கள் புதிய வண்டி வரவில்லை. இருந்த பழைய வண்டிகளே கை மாறிக் கை மாறி ஓடின. இன்று சந்தைக்கு வரும் பல வண்டிகள் இரண்டு மூன்று சொந்தக்காரர்களைக் கண்டவை.

கை ஏன் விறைக்கிறது?

இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று பாரம், மற்றது அதிர்வு.

ஹாண்டில் தாழ்வாகவோ தூரமாகவோ இருந்தால் உடம்பு முன்னால் சாயும். மேல் உடம்பின் பாரத்தை இடுப்புத் தாங்குவதற்குப் பதிலாக உள்ளங்கை தாங்குகிறது. மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்தபடியே இருக்கிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்தால் மணிக்கட்டின் நடுவே போகும் நரம்பு நசிகிறது என்று பொருள். சின்னவிரலும் மோதிரவிரலும் விறைத்தால் உள்ளங்கையின் வெளி ஓரமாகப் போகும் நரம்பில் பாரம் விழுகிறது. எந்த விரல் விறைக்கிறது என்று கவனித்தாலே எங்கே பிழை என்று பாதி தெரிந்துவிடும்.

அதிர்வு இயந்திரத்திலிருந்தும் வருகிறது, வீதியிலிருந்தும் வருகிறது. காங்கேசன்துறை வீதியில் வரும்போது தெரியாதது உள் ஒழுங்கையில் இறங்கியதும் கையில் தெரியும். கையில் அதிர்வு நீண்ட நேரம் ஏறினால் விரலின் நரம்பும் இரத்தக் குழாயும் கெட்டுப் போகும் என்பது மருத்துவத்தில் முடிந்த விடயம். ஐரோப்பிய ஒன்றியம் 2002 இல் தொழிலாளர்களின் கைகளில் ஏறும் அதிர்வுக்குச் சட்டத்தால் எல்லை வகுத்தது. எமது நடமாடும் வியாபாரிக்கு முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. அவருடைய கைக்கு அவரே எல்லை வைக்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு வேறு காரணத்தாலும் கை விறைக்கலாம். வண்டியைத் திருத்தியும் விறைப்புக் குறையவில்லை, இரவில் நித்திரையை முறிக்கிறது, பிடித்த பொருள் கையிலிருந்து நழுவுகிறது என்றால் மெக்கானிக்கை விட்டுவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும்.

முதலில் ஸ்பனர்

வண்டியை இரட்டை ஸ்டாண்டில் நிறுத்தி, வழமையாக இருப்பது போல ஏறி இருங்கள். கண்ணை மூடிக் கைகளை இயல்பாக முன்னால் நீட்டுங்கள். கை தானாக எங்கே போய் நிற்கிறதோ அந்த இடத்துக்கு அண்மையில் கிரிப் இருக்க வேண்டும். முழங்கை சற்று மடிந்திருக்க வேண்டும். கை விறைப்பாக நீண்டிருந்தால் ஹாண்டில் தூரம்.

குழாய் ஹாண்டில் உள்ள வண்டிகளில் அதைப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்தி, ஹாண்டிலைச் சிறிதளவு தன் பக்கம் திருப்பலாம். ஒரு விரல் அகலம் கூடப் பெரிய வித்தியாசம் தரும். திருப்பிய பின் போல்ட்களை மாறி மாறிச் சம அளவில் இறுக்க வேண்டும். சீ 50, சீ 90 போன்ற தகர ஹாண்டிலில் இந்த வசதி கிடையாது.

அடுத்தது பிரேக், கிளச் லீவர்கள். பலருடைய வண்டிகளில் இவை மேல்நோக்கி நிற்கின்றன. விரலை லீவரில் வைத்தால் முழங்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். லீவரின் போல்ட்டைத் தளர்த்திக் கீழ்நோக்கித் திருப்பினால் சரி. டிஸ்க் பிரேக் வண்டியென்றால் பிரேக் எண்ணெய்க் கிண்ணம் சரிந்து விடாமல் மட்டமாக நிற்கிறதா என்று பார்த்துக் கொள்ள வேண்டும்.

கிளச் பாரமாக இருந்தால் உடனே ஹாண்டிலைக் குறை சொல்லக் கூடாது. கேபிளுக்கு எண்ணெய் விட்டு எத்தனை மாதம் என்று கேளுங்கள். கேபிளின் இழைகள் பிரிந்திருந்தால் மாற்றி விடுங்கள். லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லி மீற்றர் வரை தளர்வு இருப்பது பொதுவான அளவு. சங்கிலி தொய்ந்திருந்தாலும், இயந்திரத்தைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருந்தாலும், ரயரில் காற்றுக் கூடியிருந்தாலும் அதிர்வு கைக்குத்தான் வந்து சேரும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து நீங்கள் கொடுக்கப் போவது கராஜில் ஒரு சின்னக் கூலி.

அடுத்தது ரப்பர்

கிரிப் ரப்பர் வெயிலில் காய்ந்து கல்லாகிப் போயிருக்கும். அதையே வருடக் கணக்கில் பிடித்துக் கொண்டிருக்கிறோம். மென்மையான, நல்ல ரப்பர் கிரிப் ஒன்று மாற்றினாலே பாதி உதறல் நின்றுவிடும். ஆனால் தடிப்பான பஞ்சுக் கிரிப் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. கை சிறியவருக்குத் தடித்த கிரிப்பை இறுக்கிப் பிடிப்பதே ஒரு வேலை. மழையில் பஞ்சு தண்ணீரை உறிஞ்சி வழுக்கும். கிரிப்புக்கு மேல் ரியூப் ரப்பர் சுற்றுகிறவர்கள், அது எக்சலேட்டர் பக்கத்தில் உரசி, கையை விட்டதும் எக்சலேட்டர் திரும்பி வருவதைத் தடுக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஹாண்டிலின் இரு முனையிலும் சில வண்டிகளில் இரும்புக் குண்டு இருக்கும். அது அழகுக்கு வைத்ததல்ல, அதிர்வைக் குறைக்க வைத்த பாரம். எமது பிள்ளைகள் அதைக் கழற்றிவிட்டு முனையில் கண்ணாடி பூட்டுகிறார்கள். பிறகு கை எரிகிறது என்கிறார்கள்.

கடைசியில் ஹாண்டில்

இவ்வளவும் செய்த பிறகும் உடல்வாகுக்கு ஹாண்டில் பொருந்தவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். உயரமானவர்களுக்கும், முதுகு நோ உள்ளவர்களுக்கும், மூட்டை கட்டியதால் சீற்றின் முன்பக்கம் நெருங்கி இருக்க வேண்டியவர்களுக்கும் சற்று உயர்ந்து பின்னோக்கி வளைந்த ஹாண்டில் நல்ல சுகம் தரும்.

ஆனால் இங்கே இரண்டு பிழைகள் நடக்கின்றன. ஒன்று பந்தய வண்டியைப் பார்த்துத் தாழ்த்துவது. பந்தய வண்டி மணித்தியாலத்துக்கு நூறு கிலோ மீற்றருக்கு மேல் பறக்கும்போது எதிர்க்காற்று ஓட்டுபவரின் நெஞ்சைத் தாங்கும். அதனால் அவருடைய கையில் பாரம் குறையும். மருதனார்மடத்தில் நாற்பதில் போகிறவரை எந்தக் காற்றுத் தாங்கும்? முழுப் பாரமும் மணிக்கட்டில்தான். மற்றப் பிழை அமெரிக்கப் படங்களைப் பார்த்து வானத்துக்கு உயர்த்துவது. கை தோளுக்கு மேலே போனால் இரத்தம் கீழே இறங்கிக் கை மரத்துப் போகும். திருப்பத்தில் வண்டி கைக்கு அடங்காது. இரண்டுமே வியாபாரிக்கு ஆகாதவை.

மாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சாதாரண ஜப்பான், இந்திய வண்டிகளின் ஹாண்டில் குழாய் பெரும்பாலும் 22 மில்லி மீற்றர் விட்டம் கொண்டது. அளவு பொருந்தாததைத் தகரம் வைத்து இறுக்கிப் பூட்டக் கூடாது. ஹாண்டில் உயர்ந்தால் கேபிள்களும் பிரேக் குழாயும் நீளம் காணாமல் போகலாம். பூட்டிய பின் வண்டியை ஸ்டார்ட் செய்து, நியூற்றலில் வைத்து, ஹாண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். இயந்திரத்தின் சத்தம் தானாகக் கூடினால் எக்சலேட்டர் கேபிள் இழுபடுகிறது. ஒழுங்கை முடக்கில் திரும்பும்போது வண்டி தானாகப் பாயும். அப்படியே வீதிக்கு எடுக்கக் கூடாது. கை தாங்கியில் முட்டுகிறதா, கேபிள் எங்காவது நசிகிறதா என்றும் பாருங்கள்.

லீசிங் முடியாத வண்டியில் முழு உரிமையாளர் லீசிங் கம்பனி என்பதை மறக்க வேண்டாம். காப்புறுதிக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டு வைப்பது புத்தி. 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் அனுமதியின்றிப் பூட்டியவற்றைப் பொலிஸார் கழற்ற வைத்ததைப் பார்த்தோம். சுகத்துக்காகச் செய்த அளவான மாற்றத்தையும் ஆடம்பரத்துக்காகச் செய்ததையும் வீதியில் நிற்கும் பொலிஸ்காரருக்குப் பிரித்து விளக்க நேரம் இருக்காது.

தொங்கும் பை

ஹாண்டிலில் பை தொங்கவிடும் பழக்கம் எமக்குச் சைக்கிளிலிருந்து வந்தது. தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தைச் சைக்கிள்தான் சுமந்தது. விறகும் மண்ணெண்ணெய்க் கலனும் மரக்கறியும் சைக்கிளில் போயின. சைக்கிளின் வேகத்தில் அது சமாளிக்கக் கூடியதாக இருந்தது. அதே பழக்கத்தை ஐம்பது கிலோ மீற்றர் வேகத்துக்குக் கொண்டு வந்தது பெரும் பிழை.

ஒரு பக்கத்தில் ஐந்து கிலோ தொங்கினால் மறு கை முழுப் பயணமும் அதை எதிர்த்து இழுத்துக் கொண்டே இருக்க வேண்டும். பை ஆடும்போது ஹாண்டிலும் ஆடும். திருப்பத்தில் பை தாங்கிக்கும் ஹாண்டிலுக்கும் நடுவில் சிக்கினால் வண்டி நேராகவே போகும். பையின் காது பிரேக் லீவரில் மாட்டினால், அல்லது பை முன் சில்லில் அகப்பட்டால், என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. இந்தப் பையைத் தொங்கவிட்டுக் கொண்டு கை நோவுக்கு ஆயிரக் கணக்கில் செலவழித்து ஹாண்டில் மாற்றுவது, ஓட்டை வாளியை வைத்துக் கொண்டு கிணற்றை ஆழப்படுத்துவது போன்றது.

ஸ்கூட்டர்களில் பை மாட்டும் கொக்கியைக் கவனியுங்கள். கம்பனிக்காரர் அதை ஹாண்டிலில் வைக்கவில்லை. திரும்பாத உடல் பகுதியில், தாழ்வாக, நடுவில் வைத்திருக்கிறார். அந்த ஒரு கொக்கியில் முழுப் பாடமும் இருக்கிறது. சுமை எப்போதும் திரும்பாத பகுதியில், தாழ்வாக, நடுவில் இருக்க வேண்டும். பின் கரியரின் இரு பக்கமும் சமமாகத் தொங்கும் பெட்டியோ சாக்குப் பையோ செய்து கொள்வது எமது ஊர் வெல்டிங் கடைகளுக்குக் கஷ்டமான வேலையல்ல. ஹாண்டில் மாற்றும் காசை அதில் போட்டால் கைக்கும் சுகம், சாமானும் நசியாது.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர்களும் கராஜ் நடத்துபவர்களும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள். அவர்களுக்கு இதில் பொறுப்பும் இருக்கிறது, வருமானமும் இருக்கிறது.

விபத்தில் வளைந்த ஹாண்டிலை நிமிர்த்தி, வெடிப்பை ஒட்டி, கறுப்புப் பெயின்ற் அடித்து விற்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஒரு முறை வளைந்த குழாய் உள்ளே பலம் இழந்தது. ஒட்டிய இடம் எப்போது விடும் என்று ஒட்டியவருக்கே தெரியாது. ஓடும்போது ஹாண்டில் முறிந்தால் ஓட்டுபவரின் கையில் பிடிக்க எதுவும் இல்லை. குறையை மறைத்து விற்ற காசு ஹலாலாகாது என்பது எமக்குத் தெரிந்ததுதான். பழைய இரும்பு விலைக்குப் போக வேண்டிய பொருள் பழைய இரும்பாகவே போகட்டும்.

வருமானத்துக்கு வழி வேறு இருக்கிறது. தையற்காரர் உடம்பை அளந்து தைக்கிறார். செருப்புக் கடைக்காரர் காலில் போட்டுப் பார்க்கச் சொல்கிறார். மோட்டார் சைக்கிளை மட்டும் எவரும் ஆளுக்கு அளவு பார்த்துத் தருவதில்லை. சேர்விசுக்கு வரும் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் வண்டியில் ஏறி இருக்கச் சொல்லி, லீவரையும் ஹாண்டிலையும் அவருடைய கைக்குப் பொருத்திக் கொடுக்கும் கராஜ் ஒன்று சந்தைக்கு அருகில் இருந்தால் அதற்குப் பெயர் எடுக்க அதிக நாள் பிடிக்காது. அரை மணித்தியால வேலை. முதலீடு இரண்டு ஸ்பனர். கை விறைப்பு நின்றவர் அடுத்த சேர்விசுக்கு வேறு இடம் போக மாட்டார், தன்னோடு சந்தைக்கு வருபவரையும் அழைத்து வருவார்.

உடல் எமக்குத் தரப்பட்ட அமானிதம். வியாபாரத்தில் நஷ்டம் வந்தால் அடுத்த பருவத்தில் ஈடு செய்யலாம், வண்டி பழுதானால் வேறு வண்டி எடுக்கலாம். தராசு பிடிக்கும் கைக்கு மாற்றுக் கை எந்தக் கடையிலும் கிடையாது. வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகும் வழியில் ஐந்து நிமிடம் ஒதுக்கி உங்கள் மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டுங்கள். ஹாண்டிலில் தொங்கும் பைக்கு இன்றே வேறு இடம் பாருங்கள்.